பழைய ரேஞ்சருக்கு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்ஸில்: நான் பட்டது நீங்கள் படாமல் இருக்க

என்னுடைய 1996 ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் பின் ஆக்ஸிலை (பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) எடுத்துவிட்டு, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியின் ஆக்ஸிலைப் போட இறங்கினேன்; வண்டி ஐந்து வாரம் ஜாக்கி ஸ்டாண்டு மேல் நின்றது. ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஹூஸ்டனுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் பகுதியில், மூன்றாவது வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வேலையில் கஷ்டமான பகுதி என்று நான் பயந்தது எதுவும் கஷ்டமாக இல்லை. தாமதம் எல்லாமே நான் அளக்காமல் விட்டதாலும், கேட்காமல் வாங்கியதாலும் வந்தது. அதனால் வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகமாக எழுதியிருக்கிறேன்.

யாருக்கு இது பயன்படும்? 1993 முதல் 1997 வரை வந்த ரேஞ்சர் வைத்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். அதற்கு முந்தைய, பிந்தைய ரேஞ்சர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; அகல அளவுகளை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர், 3.0 வி6 வண்டிகளில் பெரும்பாலும் 7.5 அங்குல ஆக்ஸில்தான் இருக்கும். அந்த 7.5 என்பது உள்ளே சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம். 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரில் இருப்பது 8.8 அங்குலம். ஆக்ஸில் ஷாஃப்ட்டின் நுனியில் 28 பல்லுக்குப் பதில் 31 பல், டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக், சக்கர போல்ட் அமைப்பு இரண்டிலும் ஒன்றே: 5 போல்ட், 4.5 அங்குலம். அதாவது உங்கள் பழைய சக்கரம் அப்படியே ஏறும். பழைய ஆக்ஸிலில் பேரிங் சத்தம் வந்து, பிரித்துச் சரிசெய்ய 1,100 டாலர் கேட்டார்கள். அந்தக் காசில் இன்னும் வலுவான ஆக்ஸிலே வந்துவிடும் என்று தெரிந்தபோதுதான் இதில் இறங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆக்ஸில் போட்டதால் வண்டி சுமக்கும் எடை கூடிவிடாது. ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் அச்சடித்த மொத்த எடை வரம்பு அதேதான். ஃபிரேம், ஸ்பிரிங், முன் பிரேக் எதுவும் மாறவில்லை.

1. உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

கதவு ஓர ஸ்டிக்கரில் ஆக்ஸில் என்ற கட்டத்தின் கீழ் இரண்டு எழுத்துக் குறியீடு இருக்கும். அதைப் படம் எடுங்கள். பிறகு டிஃப்ரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்குகிறதா பாருங்கள். அதில் 3 73 என்று இருந்தால் விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) 3.73 சுற்று சுற்றும்; சாதாரண வகை. நடுவில் எல் என்ற எழுத்து இருந்தால், அதாவது 3எல்73 என்றால், லிமிடெட் ஸ்லிப்: ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசை போகும் வகை.

இருபது முப்பது வருட வண்டியில் ஸ்டிக்கரை மட்டும் நம்ப முடியாது. யாராவது ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். கையாலேயே சோதித்துவிடலாம். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, டிரைவ் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒரே திசையில் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 3.73. நான்குக்குச் சற்று மேலே என்றால் 4.10.

நான்கு சக்கர இயக்கம் உள்ள ரேஞ்சர் என்றால் இந்த எண்ணில் துளியும் சமாதானம் செய்யாதீர்கள். முன் ஆக்ஸில் 4.10, பின் ஆக்ஸில் 3.73 என்று ஓடினால் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்து, இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுப்போகும். என்னுடையது பின் சக்கர இயக்கம் மட்டும் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் 3.73க்கு 3.73தான் தேடினேன். விகிதம் மாறினால், கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும்.

2. எந்த எக்ஸ்ப்ளோரர், எது வேண்டாம்

தேட வேண்டியது 1995 முதல் 2001 வரையிலான நான்கு கதவு எக்ஸ்ப்ளோரர். 1997 முதல் 2001 வரையிலான மெர்குரி மவுண்டனீரிலும் இதே ஆக்ஸில்தான். கதவு ஸ்டிக்கரில் டி4 என்று இருந்தால் 3.73 லிமிடெட் ஸ்லிப். டி2 என்றால் 4.10 லிமிடெட் ஸ்லிப். குறியீடு எண்ணில் தொடங்கினால் சாதாரண டிஃப்ரன்ஷியல்.

2002இல் நான்கு கதவு எக்ஸ்ப்ளோரரின் பின் சஸ்பென்ஷன் முழுக்க மாறிவிட்டது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அமைப்பு. அது நமக்கு எந்த வகையிலும் உதவாது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் அந்த வருட வண்டிகள் நிறைய நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தோன்றும். கீழே குனிந்து பார்த்து, நீளமான பட்டை ஸ்பிரிங் மேல் குழாய் போன்ற ஆக்ஸில் உட்கார்ந்திருந்தால் மட்டுமே கையை வையுங்கள். 1991 முதல் 1994 வரை வந்ததும் 8.8தான், ஆனால் 28 பல்லும் டிரம் பிரேக்கும் கொண்டது. இவ்வளவு வேலை செய்து அதைப் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

என் முதல் தவறு இங்கேதான். கவுன்டரில் இருந்தவர் 3.73 என்று சொன்னார். ஆக்ஸில் ஏற்கெனவே கழற்றி அடுக்கில் கிடந்தது. வண்டியைப் பார்க்காமல் 160 டாலர் கொடுத்தேன். வீட்டில் மூடியைத் திறந்தால் 3.27. பணம் திரும்பக் கிடைக்கவில்லை, கடையில் வரவு மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். கிரவுன் வீலின் விளிம்பில் அதன் பற்களும், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பற்களும் எத்தனை என்று குத்தியிருக்கும். 41, 11 என்றால் 3.73. 41, 10 என்றால் 4.10. 39, 11 என்றால் 3.55. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

3. யார்டில் ஒரு நாள்

ஹூஸ்டனைச் சுற்றி நாமே கழற்றி எடுக்கும் யார்டுகள் பல. நம் சென்னைப் புதுப்பேட்டையில் கடைக்காரர் எடுத்துத் தருவார். இங்கே நுழைவுக் கட்டணம் கொடுத்து, டூல் பெட்டியோடு நாமே உள்ளே போக வேண்டும். தீப்பொறி பறக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. பேட்டரி இம்பாக்ட் ரெஞ்சு, நீளமான கைப்பிடி, துரு இளக்கும் எண்ணெய், இரண்டு லிட்டர் குடிநீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் கேட் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் அந்த வெயிலில் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது.

போனதும் எல்லா நட்டுக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, பிறகு ஆக்ஸிலைச் சோதியுங்கள். பினியனைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. வடியும் எண்ணெயில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். கரும்பழுப்பு பரவாயில்லை, உலோகத் துகள் மினுங்கினால் வேண்டாம். பற்களின் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது.

ஆக்ஸிலோடு சேர்த்து இவற்றையும் எடுங்கள்: இரண்டு காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி), அவற்றின் பிராக்கெட், ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும், டிரைவ் ஷாஃப்ட்டின் பின்பக்க ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு). கேபிளை வெட்டி எடுக்காதீர்கள். அவசரத்தில் நான் ஒன்றை வெட்டிவிட்டேன், அந்த ஒரு கேபிளுக்காக இரண்டாம் முறை 40 மைல் ஓட்டினேன். ஃபிளாஞ்ச் எதற்கு என்றால், உங்கள் ரேஞ்சரின் ஷாஃப்ட் பொருந்தவில்லை என்றால் டிரைவ் ஷாஃப்ட் கடையில் இதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

ஆள் துணை கட்டாயம். பிரேக்கோடு சேர்ந்த ஆக்ஸிலைத் தனி ஆளாகத் தூக்க நினைத்தால் முதுகு போய்விடும்.

4. காகிதங்கள்

ரசீதில் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எக்ஸ்ப்ளோரரின் வின் எண் (வண்டியின் அடையாள எண்), கதவு ஸ்டிக்கர் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு அது சான்று. அதைவிட அன்றாடப் பயன் இன்னொன்று உண்டு. இனிமேல் பின் பிரேக் பேட் வாங்கப் போகும்போது "1996 ரேஞ்சர்" என்று கேட்டால் டிரம் ஷூவை எடுத்து வைப்பார்கள். ஆக்ஸில் எந்த வண்டியுடையதோ அதைச் சொல்லி, என் விஷயத்தில் "1999 எக்ஸ்ப்ளோரர்" என்று கேட்டால்தான் சரியான சாமான் வரும். டெக்ஸஸில் பழைய உதிரிபாகம் விற்பவர்களுக்கு மாநில உரிமத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள யார்டிலேயே வாங்குங்கள்.

வண்டியின் டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) எதுவும் மாறாது. வின் எண் உங்கள் ஃபிரேமுக்கும் பாடிக்கும் உரியது, ஆக்ஸிலுக்கு அல்ல. டெக்ஸஸில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பயன்பாட்டு வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. அதற்குப் பதிலாகப் பதிவோடு சேர்த்து 7.50 டாலர் வாங்குகிறார்கள். ஹூஸ்டன், டல்லஸ் போன்ற பகுதிகளில் புகைச் சோதனை தொடர்கிறது, ஆனால் அது 24 வருடத்துக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்குத்தான். என் 1996 அதில் வராது. பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சோதனை உண்டு. அங்கே பிரேக்கை நன்றாகப் பார்ப்பார்கள், பிரேக் குழாய் இணைப்பு அரைகுறையாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். சோதனைத் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி, பதிலைச் சேமித்து வையுங்கள். பின்னால் விபத்து என்று வந்தால், வண்டியில் இருந்த மாற்றத்தை மறைத்தீர்கள் என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

வாடகை வீடு, அபார்ட்மென்ட், சங்கம் உள்ள தெரு எதுவானாலும் விதிகளை முதலில் படியுங்கள். வண்டியைத் தூக்கி வைத்துப் பழுது பார்ப்பதற்குப் பல இடங்களில் தடை உண்டு. கராஜுக்குள் கதவை மூடிச் செய்ய முடியுமா என்று ரேஞ்சரின் நீளத்தை அளந்து பாருங்கள்.

5. ஆக்ஸிலைத் தரையில் வைத்தே தயார் செய்யுங்கள்

இதை நான் தலைகீழாகச் செய்தேன். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் காத்திருந்த நாளெல்லாம் வண்டி ஸ்டாண்டு மேல் நின்றது. நீங்கள் பழைய ஆக்ஸிலைத் தொடுவதற்கு முன்பே புதியது முழுதாகத் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவிப் பாருங்கள். மூடிக்குள் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, அதைப் பிடித்திருக்கும் 8 மில்லிமீட்டர் தலை போல்ட் ஒன்று. அந்த போல்ட் உடைவதற்குப் பேர் போனது. இம்பாக்ட் ரெஞ்சைப் போடாதீர்கள். கொஞ்சம் சூடாக்கி, கையால் மெதுவாக. திரும்பப் போடும்போது புது போல்ட், மரையைப் பிடிக்கும் பசையோடு. கம்பியை எடுத்ததும் ஷாஃப்ட்டை உள்பக்கம் தள்ளினால் சி வடிவ கிளிப் விழும், ஷாஃப்ட் வெளியே வரும்.

இந்த ஆக்ஸிலில் பேரிங்கின் உருளைகள் நேரடியாக ஷாஃப்ட்டின் மேலேயே உருளும். அந்த இடத்தில் நகத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த ஷாஃப்ட் வேண்டாம், புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். நன்றாக இருந்தால் சீலும் பேரிங்கும் மட்டும் புதிது. பேரிங் உருவும் கருவியைப் பெரிய உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி வாங்கிவந்து, திருப்பிக் கொடுத்ததும் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

பினியன் ஃபிளாஞ்ச்சின் நடு நட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் பின்னால் நசுங்கும் வளையம் ஒன்று இருக்கிறது, பேரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். தெரியாமல் கழற்றி இறுக்கினால் சில ஆயிரம் மைலில் ஊளையிட ஆரம்பிக்கும்.

அடுத்து, ஆக்ஸில் குழாயில் ஒட்டியிருக்கும் பழைய ஸ்பிரிங் இருக்கைகள், அதாவது பட்டை ஸ்பிரிங் பொருந்தி உட்காரும் இரும்புத் தாங்கிகள். எக்ஸ்ப்ளோரரில் பட்டை ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே போகிறது, ரேஞ்சரில் மேலே. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் இது போல்ட் கழற்றிப் போல்ட் மாட்டும் வேலையாக இல்லாமல் வெல்டிங் வேலையாகிறது. கிரைண்டரில் வெட்டு வட்டு போட்டு, வெல்டிங் கோட்டை மட்டும் சீவி எடுங்கள். குழாயில் வெட்டு விழக்கூடாது. இதற்கு எனக்கு இரண்டு மாலை பிடித்தது, அவசரப்படாததில் வருத்தமில்லை.

புது இருக்கை வாங்கும்போது இரண்டு அளவு சொல்லுங்கள்: குழாய் 3.25 அங்குலம், ஸ்பிரிங் அகலம் 2.5 அங்குலம். ஸ்பிரிங்கையும் ஆக்ஸிலையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டும் 3.25 அங்குலக் குழாய்க்கு உரியதாக இருக்க வேண்டும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.

6. பழையதை இறக்குதல்

சக்கரத்தின் நட்டுகளைத் தரையிலேயே ஒரு சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்டு ஃபிரேமுக்கு அடியில், ஸ்பிரிங்கின் முன் கொண்டிக்குச் சற்று முன்னால். செங்கல், சிமென்ட் பிளாக் எதையும் அடியில் வைக்காதீர்கள், அவை சொல்லாமல் நொறுங்கும். முன் சக்கரம் இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின் ஆக்ஸில் போய்விட்டால் ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியர் பிடிப்பும் இல்லை. வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கட்டைகள் மட்டும்தான்.

டிரைவ் ஷாஃப்ட்டும் ஃபிளாஞ்ச்சும் சேரும் இடத்தில் கோடு போட்டுக் கழற்றுங்கள். பிரேக் குழாய், கேபிள், மேலே இருக்கும் ஏபிஎஸ் சென்சார் வயர், ஆக்ஸிலுக்குள்ளிருக்கும் காற்று வெளியேறும் காற்றுக் குழாய் நான்கையும் விடுவித்தபின் ஷாக் அப்சார்பர். கடைசியில் யு போல்ட். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்தபின்தான் யு போல்ட்டைத் தொட வேண்டும். பழைய ஆக்ஸிலை இறக்கியதும் உடனே விற்றுவிடாதீர்கள். அளவு பார்க்க அது தேவைப்படும்.

7. இருக்கைகளை எங்கே, எந்தக் கோணத்தில் ஒட்டுவது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எனக்கு இரண்டு வாரமும் 100 டாலரும் போனது இங்கேதான்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலில் பினியன் நடுவில் இல்லை, பயணி பக்கம் தள்ளியிருக்கிறது. ஆகவே டிஃப்ரன்ஷியலின் உருண்டையை வைத்து நடுவைக் கணக்கிடாதீர்கள். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து முகம் வரை அளந்து பாதியை எடுங்கள். மொத்த அகலம் ஏறத்தாழ 59.5 அங்குலம். 1993க்குப் பிந்தைய ரேஞ்சரைவிடச் சுமார் ஓர் அங்குலம் கூடுதல், அதாவது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் வெளியே வரும். இருக்கைகளுக்கு நடுவிலான தூரத்தை உங்கள் வண்டியின் ஸ்பிரிங்குகளிலேயே அளந்து எடுங்கள், பழைய ஆக்ஸிலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

இனி கோணம். கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியனின் மூக்கு மேலே எழும். அதனால் ஓய்வில் இருக்கும்போது இணைக்கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு டிகிரி கீழே பார்த்தபடி வைப்பது வழக்கம். முப்பது டாலருக்குக் காந்தம் ஒட்டிய டிஜிட்டல் கோணமானி கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

நான் என்ன செய்தேன்? ஆக்ஸிலை மட்டும் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், பழையதைப் பார்த்து அதே மாதிரி ஒட்டச் சொன்னேன். அவர்கள் மேஜை மேல் வைத்து ஒட்டித் தந்தார்கள். வெல்டிங் அழகாக இருந்தது, கோணம் தப்பு. 55 மைல் வேகத்தில் நான் உட்காரும் சீட்டுக்கு அடியில் அதிர்வு. சக்கர பேலன்ஸ், டயர் என்று தேடி அலைந்து, கடைசியில் கோணமானி வைத்தபோதுதான் ஐந்து டிகிரி தள்ளியிருப்பது தெரிந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்து மறுபடி.

சரியான முறை இது. இருக்கையை ஒட்டாமல் ஸ்பிரிங்குக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்து, யு போல்ட்டை லேசாக இறுக்குங்கள். சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இருக்க வேண்டும், பிக்கப்பின் சுமைத் தொட்டியில் வழக்கமாகக் கிடக்கும் சுமை உட்பட. பிறகு பினியனுக்கு அடியில் சின்ன ஜாக்கி வைத்துக் கோணத்தை அமைத்து, இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கின் முன் கொண்டியிலிருந்து ஆக்ஸில் வரை தூரம் சமமா என்று அளந்துவிட்டு, புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டுங்கள். அப்புறம் ஆக்ஸிலைக் கழற்றிக் கீழே வைத்து முழு வெல்டிங். வீட்டுக்கே வந்து ஒட்டித் தரும் வெல்டர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது முறை அப்படி ஒருவரைத்தான் கூப்பிட்டேன், என் மகள் கோணமானியின் எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே இருந்தாள்.

வெல்டரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள். ஒரே இழுப்பில் ஒட்ட வேண்டாம், ஓர் அங்குலம் ஒட்டி எதிர்ப்பக்கம் போய் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் குழாய் வளையும். எர்த் கிளாம்ப் குழாயிலேயே இருக்கட்டும், மின்சாரம் பேரிங் வழியாகப் போகக்கூடாது. நடுவிலுள்ள வார்ப்பிரும்பு உருண்டையைத் தொட வேண்டாம், அதைச் சூடாக்கி ஒட்டுவது தனி வித்தை. வண்டிக்கு அடியில் ஒட்டும்போது பேட்டரி வயரும் பெட்ரோல் ஆவியும் நினைவிருக்கட்டும்: பேட்டரியைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வையுங்கள். புது சீலை வெல்டிங் முடிந்து ஆறிய பிறகே அடியுங்கள்.

8. பிரேக்

காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். காற்று வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே வந்தால் எத்தனை முறை மிதித்தாலும் காற்று போகாது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

ரேஞ்சரின் குழாயும் எக்ஸ்ப்ளோரரின் ஹோஸும் சேரும் இடத்தில் மரை அளவு மாறலாம். இரண்டு முனையையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் இணைப்பு பிரேக்குக்கு ஆகாது; இரட்டை மடிப்புள்ள குழாய் மட்டுமே. டாட் 3 திரவம் ஊற்றி, வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் காற்றை எடுங்கள்.

ஹேண்ட் பிரேக்குக்கு எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க்குக்குள்ளேயே சின்ன டிரம் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் கேபிளைப் பின்பக்கம் போட்டு, ரேஞ்சரின் முன் கேபிளோடு நடுவில் இணைக்க வேண்டும். சரிவான இடத்தில் நிறுத்திச் சோதிக்காமல் அதை நம்பாதீர்கள்.

ரேஞ்சரின் மாஸ்டர் சிலிண்டரையும் வால்வையும் நான் மாற்றவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன். காலியான மைதானத்தில், சுமைத் தொட்டி காலியாக, 20 மைலில் தொடங்கி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அழுத்திப் பிடியுங்கள். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி வால் ஆட்டினால் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும், திருகி அமைக்கக்கூடிய வால்வு ஒன்று வேண்டும். மழையில் ஒருமுறை வால் சுழன்றால் அவ்வளவுதான். குடும்பத்தை ஏற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

9. எண்ணெய், கடைசி இறுக்கம்

75டபிள்யூ-140 செயற்கை கியர் எண்ணெய், ஏறத்தாழ இரண்டரை லிட்டர். துளையின் கீழ் விளிம்புக்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கீழே நின்றால் போதும், வழியும்வரை ஊற்ற வேண்டாம். லிமிடெட் ஸ்லிப் என்றால் உராய்வைச் சீராக்கும் திரவம் 4 அவுன்ஸ் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் காலி இடத்தில் எட்டு வடிவத்தில் பத்து முறை மெதுவாகச் சுற்றுங்கள். திருப்பத்தில் கடகடவென்று ஒலி வந்தால் அந்தத் திரவம் பற்றவில்லை என்று பொருள்.

காற்றுக் குழாயைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறும் காற்று சீல் வழியாக எண்ணெயைத் தள்ளி, புது பிரேக் பேட்டை நனைத்துவிடும்.

பழைய கியர் எண்ணெயைப் பெரிய உதிரிபாகக் கடைகளில் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். மூடியுள்ள கேனில் கொண்டுபோங்கள்.

10. எனக்கு ஆன செலவு

ஆக்ஸில் பிரேக்கோடு 185 டாலர். ஸ்பிரிங் இருக்கை 28. யு போல்ட் 42. பேரிங், சீல் 58. டிஸ்க், பேட் 110. சீரமைத்த காலிப்பர் இரண்டு 120. பழையதைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்ப வரும், ரசீதைத் தொலைக்காதீர்கள். ஹோஸ், குழாய் 65. எண்ணெய் வகை 55. வீட்டுக்கு வந்த வெல்டருக்கு 150. வெட்டு வட்டு, பிரேக் திரவம், கிளீனர் 60. ஆக 873 டாலர். என் தவறுகளுக்குத் தனியாக முதல் ஆக்ஸில் 160, முதல் வெல்டிங் 100. என் டிரைவ் ஷாஃப்ட் பொருந்திவிட்டது. உங்களுக்குப் பொருந்தாவிட்டால் அந்தக் கடைச் செலவையும் அவர்கள் எடுத்துக்கொள்ளும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: ஒரு சனிக்கிழமை யார்டு. வார நாட்களில் நான்கைந்து மாலை, ஆக்ஸிலைத் தயார் செய்ய. அடுத்த சனிக்கிழமை காலை பழையதை இறக்கி, மதியத்துக்கு வெல்டரை வரச் சொல்லுங்கள். ஞாயிறு பிரேக்கும் எண்ணெயும். திங்கள் விடுப்பு போட்டு வையுங்கள், ஏதாவது ஒரு நட்டு உங்களை அன்று கடைக்கு அனுப்பும். வீட்டில் வேறு வண்டி இல்லாவிட்டால் அந்த மூன்று நாளுக்கு ஏற்பாடு செய்தபின்தான் தொடங்க வேண்டும்.

11. முதல் 500 மைல்

சக்கர நட்டு 100 பவுண்டு-அடி. ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி. யு போல்ட்டை 100 மைலில் ஒருமுறை, 500 மைலில் ஒருமுறை இறுக்குங்கள். புது இருக்கையும் ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று படிந்து உட்கார்வதால் அவை நிச்சயம் கொஞ்சம் தளரும். என்னுடையதில் முதல் முறை கால் சுற்றுக்கு மேலேயே இறங்கியது. அப்போதே வெல்டிங் ஓரங்களை கம்பி பிரஷால் தேய்த்து, முடிபோல் ஏதாவது விரிசல் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இரண்டு பக்கச் சக்கரத்தின் உள்முகமும் காய்ந்து இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு தாளில் "பின் ஆக்ஸில் 1999 எக்ஸ்ப்ளோரர், 8.8, 3.73 லிமிடெட் ஸ்லிப், டிஸ்க் பிரேக்" என்று ஆங்கிலத்தில் எழுதி, யார்டு ரசீதின் நகலோடு வண்டியின் முன் டிராயரில் வையுங்கள். நான் ஊரில் இல்லாத ஒரு நாள் என் மனைவி வண்டியை டயர் கடைக்கு எடுத்துப் போனபோது, பின் பேட் தேய்ந்திருப்பதைப் பார்த்த ஆள் சரியான சாமானை வரவழைத்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.